கடிகாரம் எண்ணும் நாடி

சுரண்டை மார்க்கெட்டுக்கு வெங்காய மூட்டை ஏற்றுகிற கையிலும் இப்போது ஸ்மார்ட்வாட்ச் இருக்கிறது. வீரகேரளம்புதூர் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர், தென்காசி பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பியதைக் கட்டிக்கொண்டு காலை நடைக்குக் கிளம்பும் ஓய்வு பெற்ற வாத்தியார் என்று பலர் மணிக்கட்டிலும் அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்க்கலாம். 2022-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் உலகிலேயே அதிக ஸ்மார்ட்வாட்ச் வாங்கிய நாடு இந்தியா என்று கவுன்டர்பாயின்ட் ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. விலை இரண்டாயிரம் ரூபாய்க்குள் வந்துவிட்டதுதான் பெரிய காரணம். மணி பார்க்க செல்போன் இருக்கிறது. “நெஞ்சுத் துடிப்பெல்லாம் காட்டுமாம்” என்ற பேச்சுதான் நடுவயதுக்காரர்களை வாங்க வைக்கிறது.

அந்தத் துடிப்பு எண்ணால் வீரகேரளம்புதூர் போன்ற ஓர் ஊரில் வாழ்பவருக்கு என்ன பயன் என்பதே இங்கே கேள்வி. ஆய்வுகளைப் படித்ததிலும் ஊரில் பார்த்ததிலும் எனக்கு ஏற்பட்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வில் இருக்கும்போது வரும் துடிப்பை மாதக்கணக்கில் குறித்துவைக்கும் கருவி என்ற அளவில் இந்தக் கடிகாரம் நல்ல துணை. துடிப்பின் தாளம் தப்புவதைக் காட்டும் கருவியாக, சில மாடல்கள் மட்டும், சிலருக்கு மட்டும் உதவும். மாரடைப்பைக் காட்டும் கருவியாக நம்பினால் ஆபத்து.

நாடியையும் கடிகாரத்தையும் சேர்த்தது நம் காலம் அல்ல. 1707-இல் ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் ஓடக்கூடிய ஒரு கடிகாரத்தைச் செய்வித்து, அதை வைத்து நோயாளிகளின் நாடியை எண்ணி ஒரு நூலே எழுதினார். நம் பக்கத்துச் சித்த வைத்தியர்கள் எண்ணவில்லை. மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நடையைப் பார்த்தார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இன்றும் நாடி பார்ப்பது பாடம். எண்ணுவதும் நடை பார்ப்பதும் ஆகிய இந்த இரண்டு வேலையையுமே இன்றைய கடிகாரம் செய்ய முயல்கிறது. முதல் வேலையில் அது தேறிவிட்டது. இரண்டாவதில் பாதி வழியில் நிற்கிறது.

கடிகாரத்தைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை விளக்கு மின்னும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை சுருங்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடும். திரும்பி வரும் ஒளி அந்த நொடியில் கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை ஓர் ஒளி உணரி பிடித்து, எத்தனை அலை என்று எண்ணிச் சொல்கிறது. ஒளியால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் இந்த முறையை 1937-இல் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் விவரித்தார். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் இதே குடும்பம்தான். விளையாட்டு வீரர்கள் நெஞ்சில் கட்டும் பட்டை வேறு வகை. அது இதயத்தின் மின்துடிப்பையே வாங்குகிறது. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் அதை 1982-லேயே கம்பியில்லாமல் கொண்டுவந்துவிட்டது. துல்லியம் வேண்டுமானால் இன்றும் அதுதான் மேல்.

கடிகாரம் பார்ப்பது ஒளியின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் ரத்தத்தால் வந்ததா, கை ஆடியதால் வந்ததா என்பதை அது ஊகிக்கத்தான் செய்கிறது. மலிவான சில பட்டைகளை ஒரு நேந்திரம்பழத்தில் இறுக்கிக் கட்டிப் பார்த்தால் அதற்கும் எழுபது, எண்பது என்று ஓர் எண் வரும். நல்ல கடிகாரமும் கூட ஓடும்போது சில சமயம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடித் தாளத்தை எண்ணத் தொடங்கிவிடும். மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டுகிறவருக்கும், நாள் முழுக்க மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பீடி சுற்றுகிற பெண்ணுக்கும் வேலை நேரத்தில் வரும் எண்ணை அவ்வளவாக நம்ப வேண்டியதில்லை. குற்றால அருவியில் நிற்கும்போது சொல்லவே வேண்டாம்: தண்ணீரின் அடியில் கை அதிரும், குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும், உணரிக்கு எதுவும் தெரியாது.

நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு இது சரியாக வேலை செய்யுமா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் தோலின் நிறமியும் பச்சை ஒளியை உறிஞ்சும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் ஏழு கருவிகளை அறுபது பேரிடம் கட்டிச் சோதித்தது. ஏழில் ஆறு கருவிகள் இதயத்துடிப்பை ஐந்து சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு காட்டின. ஆனால் கறுத்த தோலுள்ளவர்களிடமும் உடல் பருத்தவர்களிடமும் பிழை சற்றுக் கூடுதலாக இருந்தது. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் தோல் நிறங்களைத் திட்டமிட்டு வகைப்படுத்தி 53 பேரிடம் பார்த்தபோது, நிறத்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அசைவுதான் பிழையைக் கூட்டியது. ஆகவே நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. கருவிக்குக் கருவி தரம் மாறுவதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அதே ஸ்டான்ஃபோர்டு சோதனையில் எரிந்த கலோரியைக் கணக்கிடுவதில் ஏழு கருவிகளுமே தோற்றன. மிகச் சிறந்ததிலேயே 27 சதவீதம் பிழை. “இன்னிக்கு ஐந்நூறு கலோரி எரிச்சிருக்கேன், ரெண்டு புரோட்டா கூடுதலாச் சாப்பிடலாம்” என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அசைவுதான் எதிரி என்றால், அசையாமல் இருக்கும் நேரத்து எண் நம்பத்தக்கது. தூங்கும்போதும், காலையில் எழுந்து காபி குடிக்கும் முன் உட்கார்ந்திருக்கும்போதும் வரும் அந்த ஓய்வுத் துடிப்பில்தான் இந்தக் கடிகாரத்தின் உண்மையான மதிப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கைப்பட்டை அணிந்த 92,457 பேரின் பதிவுகளைப் பார்த்தது. சராசரி ஏறத்தாழ 65. ஆனால் ஆளுக்கு ஆள் நாற்பதிலிருந்து நூற்றுக்கு மேல் வரை வேறுபட்டது. ஒரே ஆளுக்குள் மட்டும் பெரும்பாலோருக்குப் பத்துத் துடிப்புக்கு மேல் மாறவில்லை. எனக்கு 82 என்றால் உங்கள் 60-ஐப் பார்த்து நான் பயப்பட வேண்டியதில்லை; என் 82 இரண்டு வாரமாக 95-இல் நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும். டாக்டரிடம் வருடத்துக்கு இரண்டு முறை போனால் இரண்டு எண்தான் கிடைக்கும், அதுவும் டாக்டரைப் பார்த்த படபடப்போடு. கடிகாரம் மாதத்துக்கு முப்பது எண் தருகிறது.

காரணங்கள் நம் ஊரிலேயே நிறைய உண்டு. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு எட்டிலிருந்து பத்து வரை ஏறும். தைராய்டு சுரப்பு கூடினாலும் ஏறும். நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது ரத்தசோகையை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாவூர்சத்திரம், ஆலங்குளம், வீரகேரளம்புதூர் சுற்றுவட்டாரத்தில் பீடித்தட்டை மடியில் வைத்து உட்கார்ந்த இடத்திலேயே பொழுதைக் கழிக்கும் பெண்களுக்குக் களைப்பு ஒரு நோயாகவே தோன்றுவதில்லை. “வேலை செஞ்சா அலுப்பு வரத்தானே செய்யும்” என்பார்கள். ஓய்விலும் துடிப்பு தொண்ணூறுக்கு மேலேயே நிற்கிற பெண்ணுக்கு ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்தால் பாதி விடை கிடைத்துவிடும். மகன் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தை ஒரு வாரம் அம்மா கையில் கட்டிப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

இங்கே இரண்டு விலக்குகளைச் சொல்லியாக வேண்டும். டைபாய்டிலும் சில சமயம் டெங்குவிலும் காய்ச்சல் ஏறும் அளவுக்குத் துடிப்பு ஏறாது. கடிகாரம் அமைதியாக இருக்கிறதே என்று காய்ச்சலை அலட்சியப்படுத்தக் கூடாது. மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களின் துடிப்பை மருந்தே இழுத்துப் பிடித்திருக்கும். அவர்கள் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

இனி தாளம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நிலைக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். நாடி தாறுமாறாக வரும். தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். இது வந்து வந்து போகும் நோய் என்பதால் ஆஸ்பத்திரியில் எடுக்கும் சில நொடி ஈசிஜியில் தப்பிவிடலாம். கையிலேயே கிடக்கும் கடிகாரம் பிடிக்கலாம். இந்த நம்பிக்கையைச் சோதிக்க 2017-18-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆப்பிள் ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது நூற்றுக்கு அரைப் பேர். அவர்களில் நெஞ்சில் ஈசிஜி ஒட்டி அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதம் பேருக்கு நோய் உறுதியானது. நாற்பது வயதுக்குக் கீழே எச்சரிக்கை ஆயிரத்துக்கு இரண்டு பேரைக்கூட எட்டவில்லை. 65 வயதுக்கு மேல் நூற்றுக்கு மூன்று பேர். கடிகாரம் கட்டியிருப்பது பெரும்பாலும் இளைஞர்கள், தாளம் தப்புவது பெரும்பாலும் அவர்கள் தாத்தாவுக்கு. இந்தப் பொருத்தமின்மை நம் ஊரிலும் அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் கதை இன்னும் சிக்கலானது. 24 மையங்களில் 1,537 நோயாளிகளைப் பதிவு செய்த இந்திய இதயத் தாளச் சங்கத்தின் ஆய்வில் இந்த நோயுள்ளவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 55 மட்டுமே. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அடிப்படைக் காரணம் ருமாட்டிக் இதயநோய்: சிறு வயதில் தொண்டைப்புண்ணோடு வந்த காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. இவர்கள் வசதியான நகரத்து முதியவர்கள் அல்லர். நெருக்கமான வீடுகளில் வளர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள். விலை உயர்ந்த கடிகாரம் இவர்கள் கையில் இருக்காது. மலிவான கடிகாரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாளத்தைச் சோதித்து அங்கீகாரம் பெற்ற வசதியும் இல்லை. குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் வேறு வழியில் போனார்கள். கிராம சுகாதாரப் பணியாளர்கள் செல்போனில் இணைத்த சிறு ஈசிஜி கருவியோடு வீடு வீடாகப் போய் ஐம்பது வயதைக் கடந்த 354 பேரைப் பார்த்தார்கள், 5.1 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெரிந்தது. ஒரு கருவியைக் கொண்டு ஒரு ஊரையே பார்க்க முடிகிறபோது, ஆளுக்கொரு கடிகாரம் என்ற வழியைவிட நமக்கு இதுவே பொருந்தும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறது. அந்தப் பையில் இந்தச் சிறு கருவியும் ஒன்று சேரலாம்.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் பக்கவாதம் குறையுமா என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. டென்மார்க்கில் 70 முதல் 90 வயதுக்குள் 6,004 பேரை எடுத்துச் சிலருக்குத் தோலுக்கடியில் பதிவுக் கருவி பொருத்தினார்கள். மூன்று மடங்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பக்கவாதம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. 2021-இல் வந்த முடிவு இது. அவ்வப்போது சில நிமிடம் தாளம் தப்புகிற எல்லாருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

மாரடைப்புக்கு வருவோம். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடும்போது துடிப்பு வேகமாகலாம், மெதுவாகலாம், சாதாரணமாகவே இருக்கலாம். கையில் 74 என்று எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயத்தசை செத்துக்கொண்டிருக்கலாம். ஈசிஜி வசதியுள்ள விலை உயர்ந்த கடிகாரம்கூட இதயத்தை ஒரே ஒரு கோணத்தில்தான் பார்க்கிறது. ஆஸ்பத்திரி ஈசிஜி பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறது. தன் கடிகாரத்தால் மாரடைப்பைக் கண்டறிய முடியாது என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் நடுராத்திரியில் நெஞ்சு அழுத்தமாக இருக்கிறது என்று எழுந்தவர் முதலில் சோடா குடிப்பார், பிறகு வாயு என்பார். இப்போது அதோடு கடிகாரத்தையும் பார்த்து, “எல்லாம் நார்மல்தான் காட்டுது” என்று திரும்பப் படுத்துவிடுகிறார். இதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

ஏனென்றால் தமிழ்நாட்டில் மாரடைப்புக்கு உயிர் காக்கும் வழி நேரத்தில் இருக்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய ஆய்வில், சிறிய ஆஸ்பத்திரிகளையும் 108 ஆம்புலன்சையும் பெரிய மையங்களோடு இணைத்தபோது ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2,420 நோயாளிகளை வைத்துச் சொன்ன இந்த முடிவு 2017-இல் வெளியானது. 2023 ஜூனில் அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அட்டோர்வாஸ்டேட்டின் எட்டு. வீரகேரளம்புதூர்க்காரர் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கோ போய்ச் சேரும் வரை அந்தப் பதினான்கு மாத்திரைகள் செய்கிற வேலையை எந்தக் கடிகாரமும் செய்யாது. நெஞ்சுவலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் மணிக்கட்டைப் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பதால் அவர்கள் வியர்வையையும் மூச்சுத்திணறலையுமே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடிகாரம் கணக்கில் எடுக்காத இன்னொன்று ரத்த அழுத்தம். தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர் மட்டுமே. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் வாசல் அதுதான். துடிப்பு 70-இல் அழகாக இருக்கும்போதே பிரஷர் 180 இருக்கலாம். பிரஷரும் காட்டும் என்று விற்கிற மலிவுக் கடிகாரங்கள் உண்டு. கையில் காற்றுப்பட்டை சுற்றாமல் வரும் அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்வது தவறு. தோலைக் குத்தாமல் சுகர் காட்டும் என்று சொல்லும் எந்தக் கடிகாரத்தையும் மோதிரத்தையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஐம்பதைத் தாண்டிய அப்பாவுக்கு இரண்டாயிரம் ரூபாயில் ஏதாவது வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு என் பதில் ஒன்றே: மேல்கையில் சுற்றிப் பார்க்கும் பிரஷர் மெஷின். மிச்சம் இருந்தால் கடிகாரம்.

நடக்கத் தூண்டுவதில் கடிகாரத்துக்குப் பங்கு உண்டு. 2022-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று, கைப்பட்டை அணிந்தவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 1,800 அடிகள் கூடுதலாக நடப்பதாகக் கண்டது. எடை குறைவது அதிகம் இல்லை, ஒரு கிலோ அளவுதான். பீடி சுற்றும் பெண்ணுக்கும் கடையில் உட்காரும் அண்ணாச்சிக்கும் அந்த 1,800 அடியே பெரிது. நடக்கும்போது துடிப்பு எவ்வளவு போகலாம் என்பதற்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கச் சொல்வார்கள். 1970-களில் சில ஆய்வுகளின் புள்ளிகளைக் கோடாக இணைத்துக் கிடைத்த தோராயக் கணக்கு அது. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசப்படும். மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகம் போதும்.

பயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே ஆண்டில் 916 முறை கடிகாரத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்த எழுபது வயது அமெரிக்கப் பெண்ணின் நிலையை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏதோ ஆகிவிட்டது என்ற அச்சமே அவர் நோயானது. நம் ஊரிலும், “அண்ணாச்சி, நூத்திப் பத்து காட்டுது, என்ன செய்யட்டும்?” என்று மெடிக்கல் ஷாப்பில் வந்து நிற்கிறவர்கள் உண்டு. அப்போதுதான் சைக்கிளில் வெயிலில் வந்திருப்பார்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் தெரிந்துவிடும். ஓய்விலும் 120-க்கு மேல் நின்றாலோ, தலை சுற்றினாலோ, மயக்கம் வந்தாலோ, துடிப்பு விட்டு விட்டு வருவதை விரலே உணர்ந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். போகும்போது “ஏதோ கூடக் காட்டுது” என்று சொல்லாமல், கடந்த ஒரு மாதத்தின் ஓய்வுத் துடிப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினால் டாக்டருக்கு அது பயன்படும்.

அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரிவதுதான் இன்றைக்குப் பெரிய தடை. கடையநல்லூரிலும் தென்காசியிலும் வீரகேரளம்புதூரிலும் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து கடிகாரம் அனுப்புகிறார்கள். அதை இணைத்த ஆப் பேரன் செல்போனில் இருக்கிறது, கடவுச்சொல் மகனுக்குத் தெரியும், கட்டியிருக்கும் பெரியவருக்குத் தெரிவது பெரிய எழுத்தில் ஓடும் அந்த ஒரு எண் மட்டும். நோயைப் பற்றிய தகவல் எந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது என்பதும் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத் தெளிவான மொழியில் கேட்கச் சொல்கிறது, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் படிக்க வழி வைக்கச் சொல்கிறது. தமிழ் அதில் உண்டு. லட்சக்கணக்கில் இங்கே விற்கிற நிறுவனங்களின் எச்சரிக்கைகளோ இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. “ஓய்விலும் உங்கள் துடிப்பு பத்து நாளாகக் கூடியிருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்” என்று தமிழில் ஒரு வரி காட்டுவதற்குப் புதிய உணரி எதுவும் தேவையில்லை, அதே கடிகாரமும் அதே எண்களும் போதும். வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இதில் தமிழ் இருக்கிறதா என்பதை.